கோனாவில் நீல மார்லின்: முள் முனையிலிருந்து டிராக் லீவர் வரை

ஹவாயின் பெரிய தீவில் மேற்குக் கரைப் பகுதிக்குக் கோனா என்று பெயர். கிழக்கே இருந்து ஓயாமல் வீசும் காற்றை மௌனா லோவா, ஹுவாலாலாய் என்ற எரிமலைகள் மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கத்துக் கடல் பெரும்பாலான நாட்களில் குளம் மாதிரி கிடக்கும். கரையை விட்டதுமே கடல் செங்குத்தாக இறங்குகிறது. ஹோனோகோஹாவ் துறைமுகத்திலிருந்து சில மைல் போனாலே அடியில் 1,800 மீட்டர் ஆழம். மற்ற ஊர்களில் மீன் இருக்கும் இடத்துக்கு ஓடவே அரை நாள் போய்விடும். இங்கே துறைமுக வாயைத் தாண்டியதும் லூரை, அதாவது செயற்கை இரையை, இறக்கிவிடலாம். பசிபிக் நீல மார்லினில் ஐ.ஜி.எஃப்.ஏ. (சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கம்) உலகச் சாதனையாக நிற்கும் 1,376 பவுண்டு மீன், அதாவது 624 கிலோ, 1982 மே 31 அன்று இந்தக் கரையில்தான் பிடிபட்டது. மீன் வருடம் முழுக்க உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எண்ணிக்கை கூடுதல்.

நம் கடலில் மயில் மீன் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நீட்டு மூக்கும் பாய்ச்சலும் புதிதாக இருக்காது. எடைதான் புதிது. ஆண் மார்லின் 150 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம்; 200, 300 கிலோ என்று வருவதெல்லாம் பெண் மீன். அந்த எடைக்கு முன்னால் கைப்பலம் கணக்கிலேயே வராது. மீன் தப்பியதும் "பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்று சொல்லி முடித்துவிடுவோம். அறுந்த நுனியை எடுத்துப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்: மழுங்கிய தூண்டில் முள், தப்பாக நசுக்கிய கிரிம்ப் (நரம்பை இணைக்கும் உலோகக் குழல்), பதற்றத்தில் முன்னுக்குத் தள்ளிய ரீல் பிரேக்கின் லீவர். மூன்றும் நம் கையில் இருப்பவை.

ரீலும் லைனும்

கோனாப் படகுகளில் வழக்கமாக இருப்பது 130 பவுண்டு வகுப்பு, அதாவது 130 பவுண்டு தாங்கும் லைனுக்கான ரீல்: ஷிமானோ டியாக்ரா 130 அல்லது பென் இன்டர்நேஷனல் 130, அதில் சுமார் 800 மீட்டர் லைன். 80 பவுண்டு வகுப்பிலும் பிடிக்கலாம். ஆனால் சண்டை நீளும். நீளும் சண்டையில் மீன் செத்துவிடும் வாய்ப்பு அதிகம். முதல் தடவை போகிறவர் 130 கேட்பது நல்லது.

லைனின் நுனியைப் பிமினி முறுக்குப் போட்டு இரட்டை லைன் ஆக்க வேண்டும். அதன் முனையில் பால் பேரிங் ஸ்னாப் சுவிவல் (லைன் முறுக்கேறாமல் சுழலும் கொக்கி), அதற்குப் பிறகு லூர் வரை போகும் தடித்த நரம்பான லீடர். ஐ.ஜி.எஃப்.ஏ. விதிப்படி இந்த வகுப்பில் லீடர் 30 அடி, இரட்டை லைன் 30 அடி வரை போகலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து 40 அடியைத் தாண்டக் கூடாது. லீடருக்கு 400 முதல் 500 பவுண்டு தாங்கும் தங்கூஸ் நரம்பு. இவ்வளவு தடிமன் எதற்கு என்றால், மார்லினின் மூக்கு அரம் மாதிரி சொரசொரப்பானது. சாதாரண லைன் அதில் நாலு முறை உரசினால் போதும், அறுந்துவிடும். கடைசியில் மீனைக் கையால் இழுப்பதும் இந்த லீடரைப் பிடித்துத்தான். மெல்லிய நரம்பு கையுறையைத் தாண்டி உள்ளங்கையை அறுக்கும்.

முள்ளும் கிரிம்பும்

லூருக்கு ஒற்றை முள் போதும். 12 முதல் 14 அங்குல லூருக்கு 10/0 அல்லது 11/0. அளவு சரியா என்று பார்க்க எளிய வழி, முள்ளின் வாய் அகலத்தை லூரின் தலைக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. தலையின் விட்டத்தை விட முள்ளின் வாய் கொஞ்சமாவது அகலமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் மீன் கவ்வும்போது லூரின் தலையே முள்ளுக்கு முட்டுக்கொடுத்து, தசையில் ஏற விடாது.

முள்ளைத் துருப்பிடிக்காத 49 இழைக் கம்பியில் கட்டி, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சுருக்கி விறைப்பாக்குங்கள். தளர்வாகத் தொங்கும் முள் லூரோடு சேர்ந்து சுழன்று, சமயத்தில் லீடரிலேயே போய் மாட்டிக்கொள்ளும். முள்ளின் வளைவு, லூரின் பாவாடை (தலைக்குப் பின்னால் தொங்கும் இழைகள்) முடியும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். முனை மேல்நோக்கி நிற்க வேண்டும்.

கடையிலிருந்து வந்த முள் கூராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அது மழுங்கல். நகத்தில் குத்தி அங்கேயே நின்றால் சரி. தீட்டும்போது ஊசி மாதிரி மெலிதாக்கவும் கூடாது, மார்லினின் வாயைச் சுற்றி முழுக்க எலும்பு. மெலிந்த முனை எலும்பில் பட்டதும் மடங்கிக்கொள்ளும், மடங்கிய முள் ஏறாது. மெல்லிய அரத்தால் மூன்று பக்கம் தட்டையாகத் தீட்டி, அடியில் சதை உள்ள குட்டையான முனையாக வைப்பதே நல்லது. தீட்டிய இடத்தில் மேல்பூச்சு போய்விடும் என்பதால் அன்றன்றைக்குத் துருவைக் கவனிக்க வேண்டும்.

இனி கிரிம்ப். 400 பவுண்டு நரம்பில் முடிச்சுப் போட்டால் இறுகாது. உலோகக் குழலுக்குள் இரண்டு நரம்பையும் நுழைத்து நசுக்குவதுதான் வழி. அதிகம் பேர் தப்புச் செய்யும் இடமும் இதுவே. குழல் நரம்பின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டு நரம்பும் உள்ளே போன பிறகு ஆட்டம் இருக்கக் கூடாது. வளையத்துக்குள் உராய்வைத் தாங்கும் சிறு குழாயைப் போட்டுவிடுங்கள். நரம்பின் வெட்டிய நுனியை லைட்டர் சூட்டில் லேசாகக் காட்டினால் சின்னக் குமிழ் வரும். அந்தக் குமிழ் குழலின் வாயில் வந்து முட்டும் வரை இழுங்கள். பிறகு அந்தக் குழலுக்கென்றே உள்ள கிரிம்ப் கருவியால் நடுவில் ஆரம்பித்து ஓரங்களை நோக்கி நசுக்குங்கள். குழலின் இரண்டு ஓர வாயையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நசுக்காமல் விட்டுவிடுங்கள். ஓரம் வரை நசுக்கினால் உலோக விளிம்பு கத்தி மாதிரி நரம்பில் பதியும். பார்க்க உறுதியாகத் தெரியும். இரண்டு மணி நேர இழுப்புக்குப் பிறகு, மீன் படகருகே வந்த நேரத்தில், அந்த விளிம்பில்தான் அறுபடும். சாதாரண குறடால் நசுக்கிய கிரிம்பை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

டிராக்கை அளந்து வைப்பது

ரீலின் பிரேக்கை டிராக் என்கிறோம். எவ்வளவு இழுப்புக்கு மேல் லைன் கழலத் தொடங்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. லீவர் "ஸ்டிரைக்" குறியில் நிற்கும்போது டிராக், லைன் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். 130 பவுண்டு என்றால் 59 கிலோ. அதில் மூன்றில் ஒன்று 19 கிலோவும் சொச்சமும். 18 கிலோவில் வைத்தால் நல்லது.

கையால் இழுத்துப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ராடை, அதாவது தூண்டில் கம்பை, அதன் பிடியில் நிறுத்தி, லைனை எல்லா வளையங்களின் வழியாகவும் விட்டு, நுனியில் தராசைக் கட்டி ஒரே சீராக இழுங்கள். லைன் அசையத் தொடங்கும் கணத்தில் தெரியும் எண்ணை விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும் எண்ணே கணக்கு. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால், அல்லது தராசின் முள் துள்ளித் துள்ளிக் காட்டினால், டிராக் தட்டுக்கு எங்கோ உப்போ ஈரமோ பிடித்திருக்கிறது. அந்த ரீலோடு கடலுக்குப் போக வேண்டாம். அளவு வைத்தபின் லீவரின் பக்கத்தில் 10, 14, 18 கிலோ நிற்கும் இடங்களில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால், சண்டையின் நடுவில் யோசிக்க வேண்டியிருக்காது.

இதில் மனசுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. லீவர் அசையாமல் நின்றாலும் லைனில் விழும் இழுப்பு அப்படியே நிற்பதில்லை. டிராக் தட்டு தரும் முறுக்குவிசை மாறாது; ஆனால் லைன் போகப் போக ஸ்பூலில் (ரீலின் உருளையில்) சுற்றியிருக்கும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் விட்டம் பாதியானால் இழுப்பு இரட்டிப்பாகும். நிறைந்த ஸ்பூலில் 18 கிலோ வைத்தது, பாதி விட்டத்தில் 36 கிலோ. இதற்கு மேல், 400, 500 மீட்டர் லைன் தண்ணீருக்குள் வில்லாக வளைந்து கிடக்கும்போது அதை இழுத்துக்கொண்டு ஓடும் மீன் தண்ணீரின் தடையையும் சேர்த்தே இழுக்கிறது. 59 கிலோ தாங்கும் லைனில் அப்போது மிச்சம் வெகு கொஞ்சம். கண்ணெதிரே ரீல் காலியாகிறதே என்ற பயத்தில் எல்லோருடைய கையும் லீவரை முன்னுக்குத் தள்ளவே பார்க்கும். தள்ளினால் டப்பென்று அறும். லைன் ஓட ஓட லீவரைப் பின்னுக்கு இழுங்கள். பாதி லைன் போய்விட்டால் 10, 12 கிலோ குறிக்கு வந்துவிடுங்கள். ஓடும் மீனைத் துரத்துவது படகின் வேலை. லைன் திரும்ப ஸ்பூலில் ஏறிய பிறகு, மீன் கிட்டத்தில் நிற்கும்போது, 18க்கும் அதற்கு மேலும் போகலாம்.

லூர் விரிப்பு

பொதுவாக ஐந்து லூர். படகின் பின்னால் எழும் நுரைத்தடத்தில் வரிசையாக அலைகள் நிற்கும். மீட்டரை விட்டுவிட்டு அந்த அலைகளை எண்ணியே இடம் வைக்க வேண்டும், ஏனென்றால் அலைக்கு அலை உள்ள தூரம் படகுக்குப் படகு மாறும். ஒரு மூலையில் இரண்டாவது அல்லது மூன்றாவது அலையில் பெரிய, முரட்டு லூர். மறு மூலையில் நான்காவது அலை. படகின் இரு பக்கமும் வெளியே நீட்டி லைனை விலக்கிப் பிடிக்கும் அவுட்ரிகர் கம்புகள் இரண்டிலும் ஐந்தாவதும் ஆறாவதும். நடுவில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஏழு, எட்டில் ஒரு சின்ன லூர். வேகம் 7 முதல் 9 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்).

லூர் அலையின் முன்சரிவில் ஓட வேண்டும், முதுகில் அல்ல. நன்றாக ஓடும் லூரைப் பார்த்தாலே தெரியும். மேலே வந்து காற்றை ஒரு வாய் கவ்வி, தலையைக் கவிழ்த்து உள்ளே போகும். பின்னால் வெள்ளைக் குமிழ்கள் புகை மாதிரி நீண்டு கோடிழுக்கும். அந்தக் கோடு கரைவதற்குள் மறுபடி மேலே வரும். தண்ணீரை விட்டே எகிறிக் குட்டிக்கரணம் போட்டால் லைன் ஏறும் கோணம் அதிகம். அவுட்ரிகரில் லைனைக் கட்டிய இடத்தைத் தாழ்த்துங்கள், அல்லது வேகத்தை அரை நாட் குறையுங்கள். மேலே வராமலே ஓடினால் லைனை உயர்த்துங்கள். படகு திரும்பும்போதும், அலையை எதிர்த்துப் போவதிலிருந்து அலையோடு போவதற்கு மாறும்போதும் எல்லாம் கலைந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு ஐந்தையும் பார்ப்பதே உதவியாளரின் முக்கிய வேலை.

எங்கே ஓட்டுவது? சூரைக் கூட்டமும் பறவையும் தெரியும் இடம், நீரோட்டம் நிலமுனையில் மோதிச் சுழலும் இடம், 1,000 பாக (சுமார் 1,800 மீட்டர்) ஆழக் கோட்டை ஒட்டிய பகுதி, மாநிலத்தின் மீன்சேர் மிதவைகள். கேஆஹோலே முனைக்குப் பக்கத்துக் கடலடி மேட்டை அங்குள்ள கேப்டன்கள் வெறுமனே "கிரவுண்ட்ஸ்" என்பார்கள்.

மிதவையருகே 2, 3 கிலோ வரிச்சூரை கிடைத்தால் உயிர் இரை போடலாம். சூரை நின்றால் மூச்சு முட்டும் மீன். தண்ணீர் பீய்ச்சும் குழாயில் தலைகீழாக வைத்தால்தான் உயிர் நிற்கும். ஊசியால் மெழுகு நூல் வளையத்தைக் கண்குழியின் முன்பக்கம், கண் முழியில் படாமல் நுழைத்து, நூலை முள்ளில் மாட்டி நாலைந்து முறுக்குப் போட்டு, முறுக்குக்கு அடியில் முள்ளைச் செருகி உடனே தண்ணீரில் விட வேண்டும். வட்ட முள், 2, 3 நாட் வேகம், லைன் இலேசாகக் கழலும் நிலை. மார்லின் எடுத்ததும் சில நொடி விழுங்க விட்டு, லீவரை மெதுவாக ஏற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வட்ட முள் வாயோரத்தில் மாட்டாமல் வெளியே வந்துவிடும்.

கடித்த முதல் நிமிடம்

லூரில் கடித்தால் ராடைத் தூக்கிச் சுண்ட வேண்டாம். நைலான் நீளும், நீங்கள் சுண்டுவது முள் வரை போய்ச் சேராது. முள்ளை ஏற்றுவது ஓடும் படகும் 18 கிலோ டிராக்கும்தான். அதனால் கேப்டன் உடனே எஞ்சினைக் குறைக்க மாட்டார், சில நொடி முன்னே ஓட்டிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் மற்ற லைன்களைச் சுற்றி எடுக்க வேண்டும். மீன் ஓடும் பக்கத்தில் குறுக்கே வரும் லைன்கள் முதலில். மார்லின் இந்த முதல் நிமிடத்தில்தான் வரிசையாகப் பாயும். பாய்வதைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றுவிட, நாலு லைனும் சிக்கிக்கொண்டு மீன் போவது சகஜம்.

சாதனைக் கணக்கில் வர வேண்டுமானால் ராடையும் ரீலையும் லைனையும் தூண்டில்காரரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ஹவாயில் 1970இல் பிடிபட்ட 1,805 பவுண்டு மார்லின் சாதனைப் பட்டியலில் ஏறாததற்குக் காரணம், ராடைப் பலர் கைமாற்றிப் பிடித்ததுதான். சாதனை வேண்டாம் என்பவர்களும் யார் உட்காருவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில்

சண்டை நாற்காலியில் உட்கார்ந்ததும் ஹார்னஸை (உடம்போடு ரீலை இணைக்கும் பட்டையை) ரீலில் மாட்டுங்கள். கால்தட்டின் தூரம், காலை நீட்டினால் முட்டி இலேசாக மடங்கி நிற்கும் அளவு. கையால் இழுக்கக் கூடாது. காலை உதைத்துப் பின்னால் சாய்ந்தால் உடம்பின் எடை ரீலை இழுக்கும். முன்னே வரும்போது கிடைத்த லைனைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு சுற்று கிடைத்தாலும் போதும். மேலே ஏறும் லைனை விரலால் பரப்பி விடாவிட்டால் ஒரே இடத்தில் மலையாகக் குவிந்து ரீல் சட்டத்தில் முட்டி நின்றுவிடும்.

மீன் படகை நோக்கிப் பாய்ந்து வந்தால் லைன் தொய்யும். அப்போது சாய்வதை விட்டுவிட்டு வெறுமனே வேகமாகச் சுற்றுங்கள். கேப்டன் படகை முன்னே எடுப்பார். நேர் கீழே இறங்கிவிட்டால் அது வேறு வேலை. நேர் மேலே இழுத்தால் ஒரு அங்குலமும் வராது. படகு மெல்ல முன்னே நகர்ந்து கோணத்தை மாற்ற, மீன் மேலே திரும்பும். பிறகு படகு பின்வாங்கும்போது சுற்ற வேண்டும். ஆழத்தில் செத்துப்போன மீனையும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடியும்.

லீடரைப் பிடிப்பவர்

படகில் உயிருக்கு ஆபத்தான ஒரே வேலை இதுதான். பழகாதவர் கையில் இதைக் கொடுக்கவே கூடாது. தடித்த தோல் கையுறை போட்டு, தொடையைப் படகின் ஓரச் சுவரில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். கையை நீட்டி லீடரைப் பிடித்து, உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்று, தேவைப்பட்டால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். விரலை விரித்தால் சுற்று தானாக உருவிக்கொண்டு போக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிய சுற்று உருவாது. அந்த நேரத்தில் மீன் பாய்ந்தால் ஆளும் கூடவே தண்ணீருக்குள் போய்விடுவார். இழுத்த லீடரைத் தளத்தில் காலடியில் குவிக்காமல் தண்ணீரிலேயே விடுங்கள். எட்டும் இடத்தில் கத்தி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

தூண்டில்காரர் இந்த நேரத்தில் எழுந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. டிராக்கை ஸ்டிரைக்குக் கீழே இறக்கி, நாற்காலியிலேயே காத்திருங்கள். லீடரை விட்டுவிட நேர்ந்தால் லைன் சட்டென்று பாயும்; இறுகிய டிராக் அதைத் தாங்காது.

விடுவது

படகில் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டிய விஷயம்: கோனா வாடகைப் படகுகளில் பிடிபடும் மீன் படகுக்குச் சொந்தம் என்பது பொதுவான வழக்கம். மார்லின் அங்கே விற்பனைக்கும் போகிறது. விட வேண்டும் என்று நினைத்தால் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பெரிய மார்லினில் பாதரசம் அதிகம், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன்களில் அதுவும் ஒன்று. விடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்றாலும், முட்டையிடும் பெண் மீன் மறுபடி கடலில் நீந்துவதே பெரிய காரணம்.

மீனை மேலே தூக்க வேண்டாம், தண்ணீரிலேயே வையுங்கள். டேக் (அடையாளக் குறி) குத்துவதானால் முதுகுத்துடுப்புக்குக் கீழே, தோள்பட்டைத் தசையில். செவுளுக்கும் பக்கக்கோட்டுக்கும் கிட்டே போகக் கூடாது. முள் எளிதில் வராவிட்டால் லீடரை முள்ளுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வெட்டுங்கள். களைத்த மீனின் மூக்கைக் கையுறையோடு இரண்டு கையாலும் பிடித்து, படகு 2 நாட் வேகத்தில் முன்னே போக, வாய்க்குள் தண்ணீர் ஓட விடுங்கள். முதலில் உடம்பு பழுப்பு பூத்து மங்கலாக இருக்கும். சில நிமிடத்தில் பக்கங்களில் நீலம் ஊறி வரும், வால் ஒரு தடவை கனமாக அசையும், மூக்கு கையை உதறும். அப்போது விடுங்கள், அதற்கு முன் விட்டால் அடிக்குப் போய்ச் செத்துவிடும்.

எடை தெரிய மீனைத் தொங்கவிட வேண்டியதில்லை. கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் பிளவு வரை உள்ள நீளத்தையும், உடம்பின் பருத்த இடத்துச் சுற்றளவையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கு. 120 அங்குல நீளம், 58 அங்குலச் சுற்றளவு என்றால் சுமார் 505 பவுண்டு, 229 கிலோ. உயிரோடு நிற்கும் பெரிய மீனுக்கு நாடாவைச் சுற்றப் போய்க் காயம் பட்டுக்கொள்ள வேண்டாம். கேப்டனின் கண்மதிப்பு போதும்.

அந்த லூரை அப்படியே மறுபடி தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். லீடரைத் தலைமாற்றி முழுக்கத் தடவிப் பாருங்கள், மூக்கு உரசிய இடம் வெள்ளையாகச் சொரசொரக்கும். அப்படியிருந்தால் லீடரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுங்கள். லைனின் கடைசி 20, 30 மீட்டரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும் இடம் வரை வெட்டி எடுத்து, பிமினி முறுக்கைப் புதிதாகப் போட்டு, முள்ளை மறுபடி நகத்தில் வைத்துப் பார்த்து, தராசை எடுத்து டிராக்கை இன்னொரு தடவை அளந்துவிட்டு, அதன் பிறகு விரிப்பைப் போடுங்கள்.